முதல் டிஜே செட்: போனா, கன்ட்ரோலரா, டர்ன்டேபிளா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பனியன் கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸ் கைக்கு வரப்போகிறது, அதில் டிஜே செட் வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று கேட்டான். மூன்று கருவிகளின் மாடல் எண்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். "எங்கே பாட்டுப் போடப் போகிறாய்?" என்று கேட்டேன். "அதை இன்னும் யோசிக்கவில்லை அண்ணா" என்றான்.

கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, எப்போதாவது ஓட்டல் பார்ட்டி என்று பதினோரு வருடமாக இதில் பிழைப்பு நடத்துகிறேன். மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்த முறை எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு வரும் மைக்செட்காரரிடம் இரண்டு கேசட் டெக்குகள் இருக்கும். ஒன்றில் பாட்டு ஓடும். மற்றதில் அடுத்த பாட்டின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பார். ஓடுகிற பாட்டு முடியும் நேரத்தில் ஒரு குமிழை இறக்கிக்கொண்டே மற்றதை ஏற்றுவார். பந்தலில் ஒரு நொடிகூட மௌனம் விழாது. இன்றைய விலை உயர்ந்த மிக்சர் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். அவரிடம் இல்லாதவை இரண்டு: அடுத்த பாட்டைத் தான் மட்டும் கேட்க ஒரு ஹெட்ஃபோன், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர். அந்த இரண்டும் இருந்திருந்தால் அவரும் டிஜேதான்.

வேகம் எதற்கு என்று கேட்பவர்கள், ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் கையும் ஒரே கதியில் இருக்கும்வரை நெல் குத்துப்படும். ஒருத்தி சற்று முந்தினாலும் உலக்கைகள் மோதிக்கொள்ளும். இரண்டு பாட்டுகள் சேர்ந்து ஓடுகிற அந்த அரை நிமிடமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 128 தட்டு, அதாவது தாள அடி (பீட்), ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி அரை நொடிகூட இல்லை, ஏறத்தாழ 469 மில்லி வினாடி. இரண்டு பாட்டுகளின் வேகத்திலும் 0.1 தட்டு வித்தியாசம் இருந்தால் ஒரு நிமிடத்தில் 47 மில்லி வினாடி விலகிவிடும். எண்ணைப் பார்த்தால் அற்பம். காதுக்கு அது ஒற்றை அடியாகக் கேட்காது, யாரோ மாடிப்படியில் தடுமாறுவது போலக் கேட்கும். இந்தத் தடுமாற்றத்தைக் கேட்கவும் கையால் சரிசெய்யவும் எது உங்களைப் பழக்குகிறதோ அதுதான் முதலில் வாங்க வேண்டிய கருவி. மற்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

போனும் வெறும் லேப்டாப்பும்

கையில் காசே இல்லையா? போனில் தொடங்குங்கள், அதில் வெட்கம் இல்லை. டிஜே செயலிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் ஒரே ஒரு ஒலி வெளியீடுதானே, அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்பது எப்படி என்பீர்கள். அதற்கென்று பிரிப்பு கேபிள் இருக்கிறது. இடது பக்க ஒலி ஸ்பீக்கருக்குப் போகும், வலது பக்க ஒலி உங்கள் ஹெட்ஃபோனுக்கு வரும். ஸ்டீரியோ போய்விடும், ஆனால் வேலை நடக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் கூடாது. அதில் ஒலி நூறு, இருநூறு மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். 469 மில்லி வினாடி இடைவெளியில் இருநூறு போய்விட்டால் நீங்கள் எதைப் பொருத்துகிறீர்கள்? வயர் உள்ளதே வேண்டும். அடுத்தது, விமானப் பயன்முறை. என் அத்தை மகள் பிறந்தநாளில் போனை வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் அம்மா அழைத்தார். அந்த ரிங்டோன் வீடு முழுக்கக் கேட்டது. அழைத்த அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார், பால் வாங்கி வரச் சொல்ல.

போனில் குறை, அது கைக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. கண்ணாடி மேல் விரலை வழுக்க விடுவதும் ஒரு சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுவதும் ஒன்றாகாது. இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். ஆர்வம் அதற்குள் வடிந்துவிட்டால் நஷ்டம் ஒரு கேபிள் மட்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள், கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதப்படும் மிக்ஸ் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம். கீபோர்டை வைத்தே ஓட்டலாம், ஆனால் யாரும் அதில் நீண்ட நாள் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

டர்ன்டேபிள் மோகம்

படங்களைப் பார்த்து மயங்கி, "இசைத்தட்டில்தான் கற்பேன்" என்று வருபவர்களும் உண்டு. மயக்கத்தில் நியாயம் இருக்கிறது. டர்ன்டேபிள் என்பது இசைத்தட்டைச் சுழற்றும் இயந்திரம். அதில் பேர் பெற்ற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 1972இல் வந்தது. வீட்டில் உட்கார்ந்து நல்ல இசை கேட்பவர்களுக்காகச் செய்தது. மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டுத் தட்டைச் சுழற்றாமல் மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் அமைப்பு என்பதால், விரலால் தட்டைப் பிடித்து நிறுத்தி விட்டாலும் உடனே வேகம் பிடித்துவிடும். 1979இல் வந்த அடுத்த வடிவத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நீளமான ஸ்லைடர் வைத்தார்கள், மேலும் கீழுமாக 8 சதவீதம். டிஜேக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2010இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள், கேட்பவர்கள் ஓயாததால் 2016இல் மறுபடி தொடங்கினார்கள்.

இதில் கற்றவனுக்குக் காது பொய்க்காது. திரை இல்லை, கோடு இல்லை, எண் இல்லை. எனக்குத் தெரிந்த மிக நுட்பமான கைகள் இதில் பழகியவைதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு ஜோடியும் மிக்சரும் ஊசிகளும் சேர்ந்தால் லட்சங்களில் போகும். அதன் பிறகு இசைத்தட்டு வாங்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கேட்கப்படும் நேற்றைய படப் பாட்டு இசைத்தட்டில் வராது. பழைய தமிழ் இசைத்தட்டுகள் சென்னை மூர் மார்க்கெட் பக்கம் தேடினால் கிடைக்கலாம், அவற்றை அலமாரியில் வைத்துக் கேட்டு மகிழலாம், பழகுவதற்கு அவை சரிப்படாது. இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் ஸ்க்ராட்ச் கலையே உங்கள் குறி என்றால் மட்டும் இந்த வழி. அப்போது வேறு எதுவும் ஈடாகாது.

கிளப்பில் இருக்கிற பெரிய பெட்டி

ஓட்டல்களிலும் கிளப்களிலும் மேடையில் இருப்பது பெரும்பாலும் பயோனியரின் சிடிஜே வரிசை, டிஜேக்களுக்கான பிளேயர்கள். 2001இல் வந்த சிடிஜே-1000 தான் இசைத்தட்டைத் தொடுவது போல சிடியைத் தொடும் பழக்கத்தைப் பரப்பியது. இப்போதையவற்றில் சிடி இல்லை, பென் டிரைவைச் செருகினால் போதும். 2020இல் வந்த சிடிஜே-3000 ஒன்றின் விலையே இரண்டு லட்சத்தைத் தாண்டும், அப்படி இரண்டு வேண்டும், மிக்சர் தனி. கடன் வாங்கி இதை வாங்குகிறேன் என்பவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கிறேன். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோக்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. முதல் கிளப் நிகழ்ச்சிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் எடுத்துப் பழகுங்கள். பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய பெட்டிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே பாடல்களோடு இரண்டாவது பென் டிரைவும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஆகவே, இரண்டு சேனல் கன்ட்ரோலர்

என் சாய்வு இங்கேதான். லேப்டாப்போடு யூஎஸ்பி வயரில் இணையும் சிறு கன்ட்ரோலர். இரண்டு சேனல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுக்கு இரண்டு தடம். இரண்டு சக்கரம், இரண்டு வேக ஸ்லைடர், நடுவில் மிக்சர், உள்ளேயே ஒலி அட்டை. ஸ்பீக்கருக்கு ஒரு வழி, ஹெட்ஃபோனுக்குத் தனி வழி. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பதினொரு மணிக்குக் கீழ்வீட்டார் எட்டிப் பார்க்காமல் ஹெட்ஃபோனிலேயே பழகலாம். அதுதான் பெரிய லாபம். தினமும் நாற்பது நிமிடம் தொட முடிகிற கருவி, வாரத்துக்கு ஒருமுறை துணி விலக்கிப் பார்க்கும் கருவியைவிட எவ்வளவோ மேல்.

2018இல் வந்த பயோனியர் டிடிஜே-400 நம் ஊரிலும் நிறைய விற்றது. அதன் வாரிசான டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற இரண்டு மென்பொருள்களிலும் ஓடும். முந்தையது ரெக்கார்ட்பாக்ஸுக்காகச் செய்தது. பொத்தான்களின் இடம் ஏறத்தாழ கிளப் பெட்டிகளை ஒத்திருப்பதால் பின்னால் கை தடுமாறாது. ஹெர்குலிஸின் இன்பல்ஸ் வரிசையில் வேகம் கூடியதா, குறைந்ததா என்று அம்புக்குறி விளக்குகள் காட்டும். முதல் வாரத்துக்கு நல்ல நடைவண்டி. இரண்டாம் மாதத்திலும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டுங்கள்.

நான் செய்த தவறு இது. முதல் கன்ட்ரோலரே நான்கு சேனல் வேண்டும் என்று தவணையில் வாங்கினேன். மூன்றாவது, நான்காவது சேனல்களை இரண்டு வருடம் தூசு தட்ட மட்டும் தொட்டேன். தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்தது.

பழைய பொருள் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். பாதிப் பேர் ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள், அவர்களுடையது புதிதாகவே இருக்கும். ஆனால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பாட்டை ஓட்டும் பிளே, தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவரும் க்யூ, இந்தப் பொத்தான்கள்தான் முதலில் தேயும், இருபது முறை வேகமாக அமுக்கிப் பாருங்கள். ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் ஸ்லைடரான கிராஸ்ஃபேடரை மெதுவாக நகர்த்தும்போது கரகர என்று வந்தால் விலையைக் குறையுங்கள். யூஎஸ்பி துளையில் வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். அந்த ஒரு துளை ஆடுகிற பெட்டி, தாலி கட்டிய கையோடு பாட்டு நின்றுபோகும் பெட்டி.

இன்னொன்று: சிறு கன்ட்ரோலர்களில் பின்னால் இருப்பது வீட்டு டிவியில் இருப்பது போன்ற ஆர்சிஏ துளை. மண்டபத்து சவுண்ட் செட்டில் இருப்பது வேறு. மாற்றி கேபிள் ஒன்று பையில் இல்லாவிட்டால், மேளக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து உங்களை வேடிக்கை பார்ப்பார்.

சிங்க் பட்டனா, காதா?

டர்ன்டேபிள் தவிர எந்தக் கருவி வாங்கினாலும் பெரும்பாலும் அதில் சிங்க் என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் இரண்டு பாட்டின் வேகமும் தட்டும் தானாகப் பொருந்தும். இதைத் தொடுவது பாவம் என்று ஒரு கூட்டம், தொடாமல் இருப்பது முட்டாள்தனம் என்று ஒரு கூட்டம். பெரிய மேடைகளில் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள், மிச்சமாகும் கவனத்தைப் பாட்டுத் தேர்வில் போடுகிறார்கள். அதில் குற்றம் காண எனக்கு எதுவும் இல்லை. ஆனால் தமிழ்ப் பாட்டுப் போடப்போகிறவர் அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கும்பகோணம் பக்கம் ஒரு வரவேற்பு. நிமிடத்துக்கு 126 தட்டு ஓடும் புதுப் பாட்டு ஒன்றில் கூட்டம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒரு பழைய குத்துப் பாட்டைக் கேட்டார். போட்டேன், சிங்க் அமுக்கினேன். திரையில் இரண்டு அலைவடிவங்களின் கோடுகளும் அளவுகோல் வைத்தது போல நேராக நின்றன. பந்தலில் கூத்து வேறு. அந்தப் பழைய பாட்டு திஸ்ரத்தில் போவது, மும்மூன்றாக விழும் அடி. மென்பொருள் அதை நான்கு நான்காக விழும் சதுஸ்ரம் என்று எண்ணி, மூன்றுக்கு இரண்டு என்று வேகத்தைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தது. இரண்டு கதிகளும் மோதிக்கொண்டன. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் கையை மேலே தூக்கியபடியே நின்று, எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. திரையைப் பார்க்காமல் காதைக் கொடுத்திருந்தால் ஹெட்ஃபோனிலேயே நான்கு நொடியில் தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், பழைய பாட்டுகள் சீரான வேகத்தில் ஓடுவதில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் முழு வாத்தியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை பல. பல்லவியில் ஒரு காலப்பிரமாணம், சரணம் முடியும்போது உற்சாகத்தில் ஒரு நூல் கூடியிருக்கும். மனிதர்கள் வாசித்தது, அப்படித்தான் இருக்கும், அதுதான் அழகும். மென்பொருளின் கட்டம் அதன் மேல் உட்காராது. கையால் தள்ளித் தள்ளித்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஆகவே முதல் மூன்று மாதம் சிங்க் வேண்டாம். பழகும் முறை இது. ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றுங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் என்ற ஜமைக்காக்காரர், தன் தங்கை பள்ளித் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஏற்பாடு செய்த விருந்தில் பாட்டுப் போட்டார். ஹிப்-ஹாப் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியதுதான் அவர் பேர் வாங்கிய வித்தை. இடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. உங்கள் முதல் பயிற்சியும் அதே இரண்டு பிரதிகள்தான், இடமும் அதைவிட மோசமாக இருக்கப்போவதில்லை.

லேப்டாப் திரையில் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள். ஒரு பக்கத்தின் வேக ஸ்லைடரைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது நகர்த்துங்கள். ஹெட்ஃபோனில் ஒரு காது, வெளியே ஒரு காது. முதல் தட்டில், வேகம் மாற்றிய பக்கத்துப் பாட்டை ஓட விடுங்கள். சற்று நேரத்தில் விலகும். அந்தப் பக்கத்துச் சக்கரத்தை விரலால் முன்னோக்கி லேசாகத் தள்ளுங்கள். பொருந்துகிறதா? மறுபடி விலகி, மறுபடி முன்னோக்கியே தள்ள வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் அது மெதுவாக ஓடுகிறது, ஸ்லைடரில் ஒரு மயிரிழை கூட்டுங்கள். பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். சூட்சுமம் இவ்வளவுதான், ஆனால் கைக்கு வர நாளாகும். வேகமா மெதுவா என்றே முதல் பத்து நாள் தெரியாது. எனக்கு ஏழு வாரம் ஆனது. ஐந்தாவது வாரத்தில் கன்ட்ரோலரை விற்றுவிடலாம் என்று விளம்பரமே எழுதி வைத்திருந்தேன். ஏழாவது வாரத்தில் ஒரு இரவு, ஏதோ சைக்கிள் பேலன்ஸ் கிடைத்தது போல, தட்டு இரண்டும் ஒன்றாக விழுந்ததை உடம்பே சொன்னது. இன்னும் வரவில்லையே என்று வருந்துபவர்கள் நாட்களை எண்ண வேண்டாம், மணி நேரத்தை எண்ணுங்கள். பெரும்பாலோர் மொத்தமாகப் பத்து மணி நேரம்கூடப் பழகாமலேயே தமக்குக் காது இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

எதை வைத்துப் பழகுவது?

கல்யாணத்தில் போடப்போவது திரைப்பாட்டு, ஆகவே அதையே வைத்துப் பழகலாமே என்று தோன்றும். வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு ஹவுஸ் என்ற நடன இசை. அது டிஜேக்காகவே கட்டப்பட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தட்டு மட்டும் நீளமாக ஓடும், எல்லாம் நான்கு நான்காக, 32 தட்டுக்கு ஒருமுறை ஏதாவது மாறும். 128 வேகத்தில் அந்த 32 தட்டு சரியாக 15 நொடி. அந்த மாற்றத்தில் புதுப் பாட்டைத் தொடங்கினால் தானாகவே கச்சிதமாக உட்காரும். கச்சேரி கேட்பவர்களுக்கு இது புதிதில்லை, தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்தை எடுப்பு என்று சொல்கிறோமே, அதேதான். தாளம் சரியாக இருந்தாலும் எடுப்பு தவறினால் கச்சேரியில் முன்வரிசைக்காரர் முகம் சுளிப்பார். சிங்க் பட்டனுக்கு எடுப்பு தெரியாது.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். இரண்டு பாட்டின் பாஸ் ஒலியும் ஒன்றாக ஓடினால் ஸ்பீக்கர் சேற்றில் நடப்பது போல ஒலிக்கும். வரும் பாட்டின் பாஸ் குமிழை முழுக்க இறக்கி உள்ளே விடுங்கள். எடுப்பு வந்ததும் ஒரு கை பழையதன் பாஸை இறக்க, மறு கை புதியதன் பாஸை ஏற்றட்டும், ஒரே நொடியில். அறையில் தரை மாறியது போல இருக்கும். புதியவர் பாட்டுப் போடுகிறாரா, பழகியவரா என்று நான் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த ஒரு அசைவில்தான்.

திரைப்பாட்டு வேறு விலங்கு. தட்டு மட்டும் வரும் தொடக்கம் அபூர்வம். ஹம்மிங்கில் தொடங்கும், அல்லது நாதஸ்வரம் தாளமே இல்லாமல் இழுக்கும். அங்கே நீண்ட கலவை எடுபடாது, வெட்டித் தாவ வேண்டும். கூட்டத்துக்கு வேண்டியது பல்லவி. பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், மறுபடி பல்லவி, அதோடு வெளியே வந்துவிடுங்கள். இரண்டாவது சரணத்தில் கூட்டம் ஐஸ்கிரீம் கவுன்டருக்குப் போய்விடும். இதற்கு ஒவ்வொரு பாட்டிலும் எது எங்கே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் முப்பது பாட்டு போதும். கையில் ஐயாயிரம் பாட்டு வைத்திருப்பவனைவிட முப்பதைக் கரைத்துக் குடித்தவன் நன்றாகப் போடுவான். சுருதியையும் காதால் பாருங்கள். பொருந்தாத இரண்டு மெட்டுகள் மேலே மேலே விழுந்தால் தம்புராவும் பேருந்து ஹாரனும் போல இருக்கும். வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் அரை ஸ்வரம் ஏறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும், சுருதியைப் பூட்டும் பொத்தான் அதற்காகத்தான்.

பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, கையில் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங்கை நம்பிப் பட்டியல் போட்டவர்களை 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை கைவிட்டது. டிஜே மென்பொருள்களோடு இருந்த இணைப்பைத் துண்டித்து, 2025இல்தான் திரும்ப வந்தது. தவிர, மண்டபங்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வகுப்புக்குப் போவதா, தானே கற்பதா?

இதில் நான் அதிகம் வாதாடமாட்டேன். வகுப்பில் கிடைப்பது இரண்டு: விலை உயர்ந்த கருவியில் கை வைக்கும் வாய்ப்பு, "நீ தப்பாகச் செய்கிறாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒருவர். இரண்டாவதற்குத்தான் மதிப்பு. சான்றிதழைக் கல்யாண வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். நான் சேர்ந்த ஒரு வகுப்பில் முதல் மூன்று வாரமும் எப்படி நிற்பது, எப்படிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது என்றே போயிற்று. கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

அந்தப் பணத்துக்குப் பதில், தொழிலில் இருக்கும் ஒருவரோடு நான்கு முகூர்த்தத்துக்கு வயர் சுற்றப் போங்கள். சம்பளம் கேட்காதீர்கள், சாப்பாடு போடுவார்கள். மைக் ஏன் வீல் என்று கத்துகிறது, ஜெனரேட்டர் மாறும்போது எதை முதலில் அணைக்க வேண்டும், மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏன் கை உடனே குமிழுக்குப் போகிறது, பெண்ணின் தாத்தா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் எப்படிச் சிரிப்பது என்பதெல்லாம் அங்கேதான் வரும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதற்கும் உள்ள விதி. ஒன்பதே முக்காலுக்குக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது எந்தப் பாட்டில் முடிப்பது என்பதை எந்த வகுப்பும் சொல்லித் தராது.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பது நீங்கள். நல்ல காதடைப்பான் ஒன்றை கன்ட்ரோலரோடு சேர்த்தே வாங்குங்கள்.

பழகும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள். மென்பொருளிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. உடனே கேட்காதீர்கள், மறுநாள் பஸ்ஸில் கேளுங்கள். செய்யும்போது பிரமாதம் என்று தோன்றியது பல்லிளிக்கும், சொதப்பல் என்று நினைத்தது சில சமயம் நன்றாகவே இருக்கும்.

திருப்பூர்த் தம்பி கடைசியில் பழைய டிடிஜே-400 ஒன்றை வாங்கினான். கோயம்புத்தூர் போய், யூஎஸ்பி துளையை ஆட்டிப் பார்த்து, ஃபேடர் கரகரப்பைக் காட்டிப் பேரம் பேசி வாங்கியதாகச் சொன்னான். பொங்கல் கழிந்து இருபது நிமிடப் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தான். பாட்டுத் தேர்வு சுமார். பாஸ் மாற்றுவதில் இன்னும் அவசரம். பதினொன்றாவது நிமிடத்தில் தட்டு இரண்டும் விலக ஆரம்பித்தன, படியில் தடுமாறும் அந்தச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மெல்ல, யாரோ விரலால் தள்ளியது போல, இரண்டும் திரும்பி வந்து ஒன்றாக விழுந்தன. அந்த இடத்தை மட்டும் பின்னுக்கு ஓட்டி மூன்று முறை கேட்டேன்.